"தூக்கிக்கொண்டு போகிறோம்" என்றால் சம்மதிக்க வேண்டுமா?

கேள்வி: நான் சக்கர நாற்காலியில் நடமாடுபவள். மகளின் பிறப்புச் சான்றிதழில் பெயர் திருத்தம் செய்ய உள்ளாட்சி அலுவலகத்துக்குப் போனேன். அந்தப் பிரிவு முதல் மாடியில் இருக்கிறது, லிஃப்ட் கிடையாது. "நாங்கள் நாலு பேர் தூக்கிக்கொண்டு போகிறோம், இல்லையென்றால் வேறு யாரையாவது அனுப்புங்கள்" என்கிறார்கள். உதவ வருபவர்களிடம் உரிமை பேசலாமா?

பதில்: தாராளமாகப் பேசலாம். அவர்கள் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார்கள். ஆனால் பழக்கமில்லாத கைகள் படியில் நழுவினால் அடிபடுவது நீங்கள். முதுகுத்தண்டு பாதிப்பால் உணர்ச்சி இழந்தவருக்கு எலும்பு முறிந்தாலும் வலி தெரியாமல் போகலாம். நாற்காலி கீழேயே நின்றுவிட்டால், மேலே உட்காரவைத்த இடத்தைவிட்டு உங்களால் நகரவும் முடியாது.

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் ஜார்ஜ் லேன் என்பவர், லிஃப்ட் இல்லாத நீதிமன்றத்தின் மாடிக்கு முதல்முறை தவழ்ந்தே ஏறினார். அடுத்த முறை தவழவும் மறுத்தார், தூக்கிச் செல்லவும் சம்மதிக்கவில்லை. ஆஜராகவில்லை என்று அவரைக் கைது செய்தார்கள். மாநில அரசின் மீது அவர் தொடுத்த வழக்கு செல்லும் என்று 2004-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர் மறுத்ததைப் பிடிவாதம் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

இதில் இரண்டு கடமைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கட்டடத்தை எல்லோரும் வந்துபோகும்படி மாற்றுவது ஒன்று. அதற்குக் காலமும் பணமும் பிடிக்கும். இன்று வாசலில் நிற்கும் உங்களுக்கு இன்றே வழிசெய்வது இன்னொன்று. இதை நியாயமான ஏற்பாடு என்கிறோம். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான 2006-ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையின் 2-ஆவது பிரிவு, இந்த ஏற்பாட்டை மறுப்பதையே பாகுபாடு என்கிறது. அளவுக்கு மீறிய சுமை என்றால்தான் விலக்கு. நிதி இல்லை என்ற பதில் லிஃப்டுக்கு வேண்டுமானால் பொருந்தலாம். ஒரு பதிவேடும் முத்திரையும் கீழ்த்தளத்துக்கு இறங்கி வர என்ன செலவு?

அதனால் வாய்ப்பேச்சோடு விடாமல் கடிதம் கொடுங்கள். எந்த வேலைக்கு வந்தீர்கள், எது தடுத்தது, என்ன செய்தால் போதும் (உதாரணமாக, அலுவலர் கீழே வந்து மனுவைப் பெறுவது), எந்தத் தேதிக்குள் வேண்டும் என்று எழுதினால் போதும். நோயின் வரலாறு எழுத வேண்டாம். படி ஏற முடியாது என்ற ஒரு வரி போதும். பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகையும், மறுத்தால் எழுத்தில் காரணமும் கேளுங்கள். வாயால் சொன்ன மறுப்பை வைத்து மேலே முறையிடுவது கடினம்.

"வீட்டுக்கே வந்து முடித்துத் தருகிறோம்" என்றால், உங்களுக்குச் சௌகரியமாக இருந்தால் ஏற்கலாம். அதையே ஒரே வழியாக்க விடாதீர்கள். நாளை பொதுக்கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்க நினைத்தால், கூட்டம் வீட்டுக்கு வராது.

வாசல் படிக்குச் சாய்தளம் போடுவதாகச் சொன்னால், சிமென்ட் கொட்டும் முன்பே வரைபடத்தைக் காட்டச் சொல்லுங்கள். பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு 1-க்கு 12. அதாவது 45 செ.மீ. உயரம் ஏற, 5.4 மீட்டர் நீளம் வேண்டும். இடம் பற்றாமல் படி இருந்த அளவிலேயே சரித்துவிட்டால், ஏறவும் முடியாது, இறங்கும்போது நாற்காலி கவிழவும் கூடும்.