முதலைக்குப் போரடிக்காதா?

அன்புள்ள சார்,

ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகளிடம், டைனோசர் காலத்திலிருந்தே மாறாமல் இருக்கும் உயிர் முதலை என்று சொன்னேன். "அத்தனை கோடி வருஷமா தண்ணியிலேயே கிடந்தா அதுக்குப் போரடிக்காதாப்பா?" என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை. நம் பண்பாடும் முதலை மாதிரி மாறாமல் நிற்க வேண்டும் என்று மட்டும் தோன்றியது. அவள் படிக்க ஒரு நல்ல புத்தகம் சொல்வீர்களா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

புத்தகத்துக்கு நூலகரைக் கேளுங்கள். பண்பாட்டைக் காக்கிற வேலையை முதலையின் தலையில் கட்டாதீர்கள், பாவம். மகளுக்கு என் அன்பு. அவள் கேட்டது சரியான கேள்வி, நீங்கள் சொன்னதுதான் தப்பு.

முதலையின் ஆதி உறவுகள் தண்ணீரில் கிடந்தவை அல்ல. வேல்ஸ் நாட்டுக் கல்குவாரி ஒன்றில் கிடைத்த டெரஸ்ட்ரிசூக்கஸின் பெயருக்கே 'தரை முதலை' என்றுதான் அர்த்தம். குச்சி குச்சியான நீளக் கால்கள். 20 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் ஓடித் திரிந்தது. அரிசோனாவின் ஹெஸ்பரோசூக்கஸும் அதே சாயல்தான். பிற்காலத்தில் மடகாஸ்கரில் இலைதழை தின்கிற பல்லோடுகூட ஒன்று இருந்தது. தண்ணீரில் பதுங்குவது அந்தக் குடும்பத்தின் பல பிழைப்புகளில் ஒன்று. மற்றவை போய்ச் சேர்ந்தன. மிஞ்சியதை மட்டும் பார்த்துவிட்டு மாறவே இல்லை என்கிறோம். சோம்பேறித்தனம், வேறென்ன?

ஒரு கதை சொல்கிறேன். 1947-இல் நியூ மெக்சிகோவின் கோஸ்ட் ராஞ்சில், சீலோஃபைசிஸ் என்ற சிறிய டைனோசரின் எலும்புக்கூடுகளை எட்வின் கோல்பர்ட் குழுவினர் குவியலாகத் தோண்டி எடுத்தார்கள். வயிற்றுக்குள் சின்னச் சின்ன எலும்புகள். சொந்தக் குட்டியையே தின்ற பிராணி என்று முடிவு கட்டினார்கள். அந்தப் பழி அரை நூற்றாண்டு நின்றது. 2006-இல் திரும்ப ஆராய்ந்தால், ஒன்றின் வயிற்றில் இருந்தது குட்டியே இல்லை, முதலையின் ஆதி உறவு! இதில் வேடிக்கை, 1952-இல் ஹெஸ்பரோசூக்கஸுக்குப் பெயர் வைத்தவரே கோல்பர்ட்தான். அதன் பங்காளி அந்த வயிற்றிலேயே கிடந்தும் அவர் கண்ணில் படவில்லை. அவரைக் குறை சொல்ல நான் யார்? அவ்வளவு மெல்லிய எலும்பைப் பார்த்தால் முதலை யாருக்கு ஞாபகம் வரும்?

எனக்கும் வந்திருக்காது. எண்பதுகளில் மாமா என்னை அமராவதி அணை முதலைப் பண்ணைக்குக் கூட்டிப் போனார். "தண்ணிக்குள்ளதான் இதுக்குப் பவுசு. கரைக்கு வந்தா வெறும் கட்டைடா, ஊர்ந்துதான் போகணும்" என்று விளக்கிக்கொண்டிருந்தார். மதிலுக்கு அந்தப் பக்கம், சேற்றோடு சேறாகக் கிடந்த ஒன்று நான்கு கால்களையும் ஊன்றி எழுந்தது. வயிறு தரையில் படவே இல்லை. வயலுக்குக் கிளம்பிய கிழவனாட்டம் நிதானமாக நடந்து எங்களை நோக்கி வந்தது.

நடுவில் அவ்வளவு உயர மதில் இருந்தும் மாமா இரண்டடி பின்னால் போனார்.