மூன்று கப் மைதா எத்தனை கிராம்?

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். மகளின் பிறந்தநாளுக்கு ஓர் அமெரிக்கக் குறிப்பைப் பார்த்து வெண்ணெய் கேக் செய்தேன். 1 கப் வெண்ணெய், 2 கப் சர்க்கரை, சலித்த மாவு 3 கப், 4 முட்டை, 1 கப் பால். கடையில் வாங்கிய 250 மி.லி. கப்பை மைதா டப்பாவுக்குள் விட்டு அள்ளி, நடுவில் இடைவெளி இருக்கக் கூடாதென்று மேடையில் தட்டித் தட்டி நிரப்பி, அப்புறம் சலித்துக்கொண்டேன். கேக் மேலே வெடித்து, உள்ளே வறண்டு, கத்தி வைத்ததும் உதிர்ந்துவிட்டது. கிராமுக்கு மாற்றலாம் என்று தேடினால் ஒரு கப் மைதா ஓரிடத்தில் 120 கிராம், இன்னோரிடத்தில் 125, வேறோரிடத்தில் 142. எதை நம்புவது? என் மாமியாரோ, "எல்லாவற்றையும் ஒரே டம்ளரால் அளந்தால் போதும், இட்லிக்கு நான் அப்படித்தானே போடுகிறேன்" என்கிறார். அவர் சொல்வது சரியா?

கே., ஈரோடு

அன்புள்ள கே.,

குறிப்பில் தவறில்லை. உங்கள் ஓவன் மீதும் சந்தேகப்பட வேண்டாம். மாவு கூடிவிட்டது, அதுவும் நிறையவே.

நீங்கள் செய்தது அமெரிக்க வீடுகளில் தலைமுறைகளாகச் செய்யப்படும் 1-2-3-4 கேக். வெண்ணெய் ஒன்று, சர்க்கரை இரண்டு, மாவு மூன்று, முட்டை நான்கு என்று எண்ணிக்கையிலேயே மனப்பாடமாகிவிடும். அந்த ஊர்க் கப் சுமார் 237 மி.லி. 'சலித்த மாவு 3 கப்' என்று எழுதியிருந்தால் முதலில் சலித்துவிட்டு, அப்புறம் அளக்க வேண்டும். மைதாவை அப்படி அளந்தால் ஒரு கப் சுமார் 110 கிராம், மூன்று கப் 330 கிராம். உங்கள் கப் 250 மி.லி. டப்பாவில் அமுங்கிக் கிடந்த மாவை அள்ளி, தட்டி நிரப்பியதில் ஒரு கப் 150 கிராமைத் தொட்டிருக்கும். மூன்று கப்புக்கு 450. குறிப்பு கேட்டதைவிட 120 கிராம் அதிகம். அளந்து முடித்த பிறகு சலித்தீர்கள், ஆனால் அதனால் எடை குறையாது.

மற்றவற்றையும் பாருங்கள். பால் 237க்குப் பதில் 250 மி.லி., வெண்ணெய் 227க்குப் பதில் சுமார் 240 கிராம், சர்க்கரை 400க்குப் பதில் 420 கிராம். எல்லாமே நூற்றுக்கு ஐந்தாறு என்ற அளவில் சேர்ந்தாற்போல் ஏறியிருக்கின்றன, இது கேக்கைக் கெடுக்காது. முட்டை எதிர்ப்பக்கம் போயிருக்கிறது. அமெரிக்கக் குறிப்புகளில் வரும் 'லார்ஜ்' முட்டை ஓடு நீக்கி சுமார் 50 கிராம் இருக்கும். நம் கடை முட்டை பெரும்பாலும் அதைவிடச் சிறியது. ஆக ஈரம் கொஞ்சம் குறைந்திருக்கிறது, மாவு மட்டும் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூடியிருக்கிறது. மேலே வெடித்ததும் உள்ளே உதிர்ந்ததும் இதனால்தான்.

மாவு மட்டும் ஏன் இப்படிப் படுத்துகிறது என்றால், கப்பில் இருப்பதில் பாதிக்கு மேல் காற்று. ஒரு முறை செய்து பாருங்கள். மைதாவைக் கப்புக்கு நேர் மேலே சலித்து, குவிந்ததைக் கத்தியின் முதுகால் வழித்துவிடுங்கள். விளிம்போடு சமமாக நிற்கும். அதே கப்பை மேடையில் நாலு தட்டு தட்டினால் மாவு கண்ணெதிரே விளிம்பை விட்டு இறங்கும். இறங்கிய இடத்தில் இன்னும் இரண்டு மூன்று கரண்டி மாவு தாராளமாகப் பிடிக்கும். தண்ணீரிலோ எண்ணெயிலோ இது நடக்காது. சர்க்கரையிலும் வெகு குறைவு.

நீங்கள் பார்த்த பட்டியல்கள் வேறுபடுவதும் இதே காரணத்தால்தான். அமெரிக்க மைதா பைகளின் பின்பக்கத்தில் கால் கப் 30 கிராம் என்று போட்டிருக்கும், அதாவது ஒரு கப் 120. கிங் ஆர்தர் என்ற அமெரிக்க மாவு நிறுவனமும் தன் குறிப்புகளுக்கு 120 கிராம்தான் என்கிறது. அவர்கள் சொல்லும் முறை, மாவைக் கிளறித் தளர்த்தி, கரண்டியால் கப்பில் போட்டு, வழித்துவிடுவது. சமையல் குறிப்புகளைச் சோதித்து வெளியிடும் அமெரிக்காஸ் டெஸ்ட் கிச்சன் என்ற நிறுவனமோ கப்பை மாவுக்குள் விட்டு அள்ளி வழிக்கிறது, அதனால் 5 அவுன்ஸ், அதாவது 142 கிராம் என்கிறது. இரண்டு பேரும் அவரவர் குறிப்புக்குச் சரியானதைத்தான் சொல்கிறார்கள். 142 கிராமை நினைத்து எழுதிய குறிப்பை 120ஆக மாற்றினால் குக்கீ தட்டையாகப் பரவும். 120ஐ நினைத்து எழுதியதை 142 ஆக்கினால் தடித்துப்போகும். ஆகையால் 'ஒரு கப் எத்தனை கிராம்' என்று பொதுவில் கேட்டால் விடை கிடைக்காது. குறிப்பு எழுதியவர் எப்படி அள்ளினார் என்று தேட வேண்டும். நல்ல தளங்களும் புத்தகங்களும் முன்னுரையிலோ அளவுப் பக்கத்திலோ அதைச் சொல்லியிருக்கும். சொல்லவில்லை என்றால் 125 கிராமில் தொடங்குவது என் வழக்கம். மாவு குறைந்தால் கடைசியில் ஒரு கரண்டி சேர்த்துவிடலாம், கூடினால் எடுக்க முடியாதே.

உங்கள் மாமியார் சொல்வது இட்லிக்கு முழுக்கச் சரி. நாலு டம்ளர் அரிசிக்கு ஒரு டம்ளர் உளுந்து என்றால் டம்ளர் சின்னதோ பெரியதோ, விகிதம் மாறாது. அரிசியும் உளுந்தும் மணியாக இருப்பவை, தட்டினாலும் மைதா அளவுக்கு இறங்காது. ஆட்டும்போது தண்ணீரைக் கைப்பதத்துக்கு விடுகிறார், அதனால் மிச்ச வித்தியாசத்தையும் அவர் கையே சரிசெய்துவிடுகிறது. கேக்கில் முட்டை டம்ளர் கணக்கில் வருவதில்லை, எண்ணிக்கையில் வருகிறது. பேக்கிங் பவுடர் ஸ்பூன் கணக்கு. வெண்ணெய் அமெரிக்கர்களுக்கு உண்மையில் எடைக் கணக்குதான். அங்கே அது 113 கிராம் கட்டிகளாக வருகிறது, ஒரு கப் என்றால் இரண்டு கட்டியைப் பிரித்துப் போடுவார்கள், கப்பை எடுப்பதே இல்லை. இத்தனை கணக்குகள் கலந்த இடத்தில் டம்ளரை மாற்றினால் சிலது கூடும், சிலது அப்படியே நிற்கும். தவிர, ஓவனுக்குள் போன பிறகு கைப்பதம் பார்க்கவும் வழியில்லை.

கப் முறையைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. பாஸ்டன் சமையல் பள்ளியை நடத்திய ஃபேனி ஃபார்மர் 1896இல் வெளியிட்ட புத்தகத்தில் கப், ஸ்பூன் எல்லாமே விளிம்போடு வழித்த அளவு என்று உறுதியாக வைத்தார். ஒரு கை மாவு, முட்டை அளவு வெண்ணெய் என்றெல்லாம் குறிப்புகள் இருந்த காலத்தில், தராசு இல்லாத வீட்டுக்கு அது எவ்வளவு பெரிய உதவி! அதன் பலனால்தான் இன்றும் அமெரிக்கக் குறிப்புகள் கப்பில் வருகின்றன. ஆனால் இன்று டிஜிட்டல் தராசு ஒரு நல்ல கேக் டின் விலைக்குக் கிடைக்கிறது. வாங்கிவிடுங்கள். பாத்திரத்தை வைத்துச் சுழியம் ஆக்கி, மைதாவை நேராக அதிலேயே கொட்டலாம். மறுபடி சுழியம் ஆக்கிச் சர்க்கரை. கழுவவும் ஒரே பாத்திரம்தான். பேக்கிங் பவுடர், உப்பு இரண்டையும் மட்டும் ஸ்பூனிலேயே அளங்கள். ஒரு கிராம் ஒரு கிராமாகக் காட்டும் வீட்டுத் தராசு, ஒரு ஸ்பூன் பேக்கிங் பவுடரின் நாலைந்து கிராமைத் துல்லியமாகக் காட்டாது.

தராசு வரும்வரைக்கும் ஒரு வழி இருக்கிறது. பிரிக்காத 500 கிராம் மைதா பாக்கெட் ஒன்றை அகலமான பாத்திரத்தில் கொட்டிக் கிளறுங்கள். கரண்டியால் உங்கள் கப்பில் போட்டு, தட்டாமல் வழித்து, எத்தனை கப் வருகிறது என்று எண்ணுங்கள். உங்கள் 250 மி.லி. கப்பில் ஏறக்குறைய நாலு வரும். 500ஐ அந்த எண்ணிக்கையால் வகுத்தால், உங்கள் கப், உங்கள் கை, உங்கள் மைதாவுக்கான எடை வந்துவிடும். அதைக் கப்பின் அடியில் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள். கோதுமை மாவுக்கு இதைத் தனியாகச் செய்ய வேண்டும். அப்புறம், கேக்கில் மைதாவுக்குப் பதில் கோதுமை மாவைச் சம எடைக்குப் போட்டாலும் பதம் ஒன்றாக வராது. தவிட்டோடு கல்லில் அரைபட்ட மாவு ஈரத்தை அதிகம் இழுக்கும், பால் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கும்.

சரி, உங்கள் கேக்குக்கு வருவோம். வெண்ணெய் 227 கிராம், சர்க்கரை 400, மைதா 330, பால் 240 மி.லி. முட்டை நான்கை உடைத்து எடை பாருங்கள், 200 கிராமுக்குக் குறைந்தால் ஐந்தாவதை அடித்துத் தேவையான அளவு சேருங்கள். இன்னும் மென்மையாக வேண்டுமென்றால் 330இல் 40 கிராம் மைதாவை எடுத்துவிட்டு அதே எடைக்கு கார்ன்ஃப்ளார் போட்டுச் சலித்துக்கொள்ளலாம். அமெரிக்கர்கள் இதற்குப் புரதம் குறைந்த கேக் மாவைத்தான் பயன்படுத்துகிறார்கள், நம் மைதா அதைவிடக் கொஞ்சம் வலுவானது. மாவையும் பாலையும் மாற்றி மாற்றிச் சேர்த்து, கலந்ததும் நிறுத்திவிடுங்கள். கலவை கரண்டியிலிருந்து மெதுவாக, பட்டையாக விழ வேண்டும். கட்டியாக 'தொப்'பென்று விழுந்தால், டின்னில் ஊற்றும் முன் இரண்டு மேசைக்கரண்டி பால் விட்டுக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
அக்கா