மொரிஷியஸ் கடைப் பலகைகளில் தமிழ் ஏன் இல்லை?

எங்கள் தலைநகர் போர்ட் லூயிஸைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ரூபாய் நோட்டில் தமிழ் இருக்கிறது, கடைப் பலகையில் மட்டும் ஏன் காணோம்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

கடைப் பலகை வாடிக்கையாளருக்காக வைப்பது. இங்கே தெருவில் பேசுவது கிரியோல், பிரெஞ்சிலிருந்து பிறந்த பேச்சுமொழி. எழுதும்போது பெரும்பாலும் பிரெஞ்சு. 1810-இல் தீவைப் பிடித்த பிரிட்டிஷார், மக்களின் வழக்கங்களில் கை வைப்பதில்லை என்று ஒப்புக்கொண்டார்கள். அதனால் அரசு அலுவலகத்தில் ஆங்கிலம் வந்த பிறகும் வியாபாரத்தில் பிரெஞ்சு நிலைத்துவிட்டது. நம் பிள்ளைகளில் பலர் பள்ளியில் தமிழ் படித்தாலும் வீட்டில் பேசுவது கிரியோல்தான்.

ஆனால் தமிழ் அடியோடு இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். பலகையில் உள்ள பெயரை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். 'முத்து' என்ற பெயரின் உகரங்களைப் பிரெஞ்சு முறையில் 'ou' என்று இரண்டிரண்டு எழுத்தாக எழுதியிருப்பார்கள். கிருஷ்ணன் 'கிஸ்ட்னென்' ஆகியிருப்பார். எழுத்துதான் ரோமன், பெயர் நம் பாட்டன் பூட்டனுடையது. தமிழ் எழுத்தையே பார்க்க வேண்டுமா? சரி, கோயில் வாசலுக்குப் போங்கள்.

ரூபாய் நோட்டு அப்படியல்ல, அது நாட்டுக்கே பொதுவான பலகை. 1998-இல் வந்த புது நோட்டுகளில் தமிழை இந்திக்குக் கீழே இறக்கி அச்சிட்டார்கள். தமிழர்கள் கொதித்துப்போனார்கள். அப்புறம் அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்று, வரிசையைச் சரிசெய்து மறுபடி அச்சிட்டார்கள்: ஆங்கிலம், தமிழ், இந்தி. இன்றும் அதே வரிசைதான்.