பழைய போர்டில் ரைசன் 9000 உட்காருமா?

பெரம்பூர் நண்பரே, கணினியின் பி450 மதர்போர்டில் இருக்கும் ஏஎம்டியின் ரைசன் 2600 பிராசஸர் சிப்பைக் கழற்றிவிட்டு, புது 9000 வரிசைச் சிப்பை மட்டும் வாங்கிப் பொருத்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியாது. உங்கள் போர்டில் சிப் உட்காரும் சாக்கெட் ஏஎம்4 வகை. 2024 ஆகஸ்ட்டில் வந்த 9000 ஏஎம்5-இல்தான் உட்காரும். புது போர்டோடு டிடிஆர்5 என்ற புது வகை ரேமும் வாங்க வேண்டும். பர்ஸ் தாங்காது.

சென்னையின் கணினிச் சந்தையான ரிச்சி தெருவுக்குப் போனால் ரைசன் 5600 கேளுங்கள். அதே போர்டு, அதே ரேம் போதும். ஆனால் பழைய சிப் இருக்கும்போதே பயாஸை, அதாவது கணினியைத் துவக்கும் போர்டு மென்பொருளை, புதுப்பித்துவிடுங்கள். அதை மறந்துவிட்டு, தண்டையார்பேட்டை வீட்டில் ஓர் இரவு முழுக்கக் கறுப்புத் திரையோடு உட்கார்ந்திருந்தவன் நான்.

சிப்பின் மேலிருக்கும் கூலரை நேராக இழுக்காதீர்கள். இரண்டுக்கும் நடுவே காய்ந்த வெப்பப் பேஸ்ட்டோடு சிப்பும் பிடுங்கிக்கொண்டு வரும்; அதன் அடியிலுள்ள 1331 ஊசிகளில் ஒன்று வளைந்தாலும் தலைவலிதான். அரை மணி நேரம் கேம் ஓட்டிச் சூடாக்கி, மின்சாரத்தை நிறுத்திவிட்டு, மெல்லத் திருகித் தூக்குங்கள்.