இயர்பட்டுக்கு மாற்று ஃபோம் டிப்: காதுக்கு முன்பு நாசிலை அளந்து பாருங்கள்

தேவகோட்டையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். சென்னை நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே கணக்கு வேலை பார்க்கும் அவருக்கு நாளில் பெரும்பகுதி அழைப்புகளிலேயே கழிகிறது. மாதம் ஒருமுறை காரைக்குடியில் பல்லவன் ரயிலைப் பிடித்து எழும்பூர் போகிறார். இயர்பட்டோடு வந்த சிலிகான் ரப்பரில் ஒன்று கிழிந்துவிடவே, "எல்லா மாடலுக்கும் பொருந்தும்" என்ற குறிப்போடு இணையத்தில் விற்ற ஃபோம் டிப்களை, அதாவது ரப்பருக்குப் பதிலான பஞ்சு முனைகளை, வாங்கியிருக்கிறார். அவற்றை மாட்டிய பிறகு சார்ஜ் ஏற்றும் கேஸின் மூடி முழுவதும் மூடவில்லை. ஒரு பக்க இயர்பட்டுக்குச் சார்ஜ் ஏறவில்லை. ஒரு நாள் இயர்பட்டைக் கழற்றியபோது டிப் மட்டும் காதுக்குள்ளேயே தங்கிவிட, வீட்டில் இருந்தவர்கள் வெளியே எடுத்திருக்கிறார்கள். எந்த ஃபோம் டிப் வாங்கலாம், எவ்வளவு காலம் உழைக்கும், தனக்கு அது தேவைதானா என்பவை அவருடைய கேள்விகள்.

இந்த மூன்று தொல்லைகளுக்கும் பஞ்சின் தரத்தைவிடப் பெரிய காரணம், அந்த டிப்பின் உட்குழாயும் உயரமும் உங்கள் இயர்பட்டுக்கு உரியவையாக இல்லாததுதான். ஃபோம் டிப்பை வாங்குகிறவர்கள் வெளியே தெரியும் பஞ்சின் சிறிது, நடுத்தரம், பெரிது என்ற அளவை மட்டுமே பார்க்கிறார்கள். பஞ்சுக்கு நடுவே ஒரு மெல்லிய குழாய் இருக்கிறது. இயர்பட்டில் ஒலி வெளிவரும் குட்டையான நாசிலின் மீது ஏறி உட்காருவது அந்தக் குழாய்தான். நாசிலின் விட்டம் பெரும்பாலான இயர்பட்களில் 4 முதல் 6 மில்லிமீட்டருக்குள் இருக்கும். குழாயின் துளை அரை மில்லிமீட்டர் அகலமாக இருந்தாலே பிடிப்பு தளர்ந்துவிடும். பஞ்சு காதுக்குள் விரிந்து நன்றாகப் பற்றிக்கொண்டிருக்க, நாசிலோ வழுக்கி வெளியே வந்துவிடும். உங்களுக்கு நடந்தது இதுதான். மீண்டும் அப்படி நேர்ந்து, டிப்பின் விளிம்பு வெளியே தெரியவில்லை என்றால், ஹேர்பின்னோ சாமணமோ கொண்டு வீட்டில் யாரும் எடுக்க முயல வேண்டாம். பஞ்சு இன்னும் உள்ளே தள்ளப்பட்டுச் செவிப்பறை வரை போகக்கூடும் என்பதால், காது மூக்கு தொண்டை மருத்துவரிடமே போய்விடுங்கள்.

ஆகவே முதல் வேலை நாசிலை அளப்பது. முதலில் அதன் வடிவத்தைப் பாருங்கள்: வட்டமா, நீள்வட்டமா, அல்லது டிப்பின் அடியில் பிளாஸ்டிக் வளையம் இருந்து 'கிளிக்' என்று பூட்டிக்கொள்ளும் அமைப்பா? ஆப்பிளின் ஏர்பாட்ஸ் புரோ கடைசி வகையைச் சேர்ந்தது. அதற்கென்றே செய்த டிப் அல்லாமல் வேறு எதுவும் அதில் நிற்காது. நீள்வட்ட நாசிலில் வட்டத் துளையை இழுத்து மாட்டினால் இரு பக்கமும் இடைவெளி விழும், ஒலி கசியும். வட்டமாக இருந்தால் விட்டத்தை அளக்க வெர்னியர் காலிப்பர் வேண்டும். அது வீட்டில் இல்லாவிட்டால் நகைப் பட்டறையிலோ லேத் பட்டறையிலோ ஒரு நிமிடத்தில் அளந்து தருவார்கள். நாசிலின் நுனியில் உதடு போலச் சற்றுப் பருத்த விளிம்பு இருக்கும். அதற்குக் கீழே குறுகும் கழுத்தையும் சேர்த்து அளக்கச் சொல்லுங்கள், ஏனென்றால் குழாய் இறுகிப் பிடிக்க வேண்டிய இடம் அந்தக் கழுத்து. இயர்பட்டைக் கையோடு எடுத்துப் போக மனமில்லை என்றால், கிழியாமல் மிஞ்சிய பழைய ரப்பரின் துளைக்குள் 4, 4.5, 5 மில்லிமீட்டர் டிரில் பிட்டுகளின் வழவழப்பான அடிப்பகுதியை ஒவ்வொன்றாக நுழைத்துப் பார்க்கலாம். ரப்பர் விரியாமல், ஆடாமலும் உட்காரும் பிட்டின் அளவே ஏறத்தாழ அதன் துளை அளவு. தச்சு வேலை செய்கிறவர் எவரிடமும் இந்தப் பிட்டுகள் இருக்கும்.

அடுத்தது உயரம். வயரில்லா இயர்பட்டுக்கும் பழைய வயர் இயர்போனுக்கும் இந்த விஷயத்தில் இருக்கும் வேறுபாடு பெரியது, ஏனென்றால் இங்கே டிப்பும் இயர்பட்டோடு சேர்ந்து கேஸின் குழிக்குள் அடங்க வேண்டியிருக்கிறது. வயர் இயர்போனுக்கென்று செய்த நீளமான ஃபோம் டிப் குழியின் அடியில் முட்டி இயர்பட்டை ஒரு முடி அளவு தூக்கிவிடும். சார்ஜ் ஏற்றும் ஊசிகள் தொடாமல் போக அதுவே போதும். மூடியும் மேலே இடிக்கும். வயரில்லா இயர்பட்டுக்கென்று குட்டையாகச் செய்த டிப்களைத்தான் தேட வேண்டும், அதுவும் பெட்டியின் மீது உங்கள் மாடலின் பெயரே அச்சிடப்பட்டிருந்தால் மிகவும் நல்லது. "எல்லா மாடலுக்கும் பொருந்தும்" என்று எழுதியிருப்பதை வாங்காதீர்கள் என்று உறுதியாகவே சொல்கிறேன். எல்லா நாசிலிலும் ஏற வேண்டுமானால் துளை தளர்வாக இருந்தே ஆக வேண்டும். சோனியின் டபிள்யூஎஃப்-1000எக்ஸ்எம்4, எக்ஸ்எம்5 போன்ற சில மாடல்கள் தொழிற்சாலையிலிருந்தே பாலியூரித்தேன் ஃபோம் டிப்போடு வருகின்றன. அத்தகைய இயர்பட் வைத்திருப்பவர்கள் அதே நிறுவனத்தின் மாற்று டிப்பை வாங்குவதே நேர்வழி.

இவை இரண்டும் பொருந்திய பிறகுதான் காதின் அளவு. வளர்ந்தவர்களின் காதுத் துவாரம் சராசரியாக 7 மில்லிமீட்டர் விட்டமும் 25 மில்லிமீட்டர் நீளமும் கொண்டது. நேராக இல்லாமல் லேசாக வளைந்து செல்வது. பலருக்கு வலதும் இடதும் ஒரே அளவில் இருப்பதில்லை. சிலிகானில் நடுத்தர அளவு போட்டவர்கள் ஃபோமிலும் நடுத்தரத்தில் தொடங்கலாம். இறுக்கம் கூடட்டும் என்று பெரிய அளவுக்குப் போகாதீர்கள்: விரியத் துடிக்கும் பஞ்சு அரை மணி நேரத்தில் காதை வலிக்க வைத்துவிடும், அளவுக்கு மீறிச் சுருக்கிய குழாய் ஒலி செல்லும் வழியையும் நெருக்கும். மூன்று அளவுகளிலும் ஒவ்வொரு ஜோடி வரும் பெட்டியை முதல்முறை வாங்கி, இரு காதுக்கும் தனித்தனியே பார்த்து, அடுத்த முறை உரிய அளவை மட்டும் வாங்கலாம்.

மாட்டும் முறையும் அளவைப் போலவே முக்கியம். டிப்பை விரல்களுக்கிடையே உருட்டிச் சுருக்கி, மறு கையால் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்து உள்ளே வைத்து, பஞ்சு விரியும் வரை பத்துப் பதினைந்து விநாடி அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். இந்தப் பஞ்சு வெப்பத்துக்கு ஏற்ப நடந்துகொள்ளும் பொருள். சூட்டில் இளகிச் சீக்கிரம் விரியும், குளிரில் விறைத்து மெதுவாக விரியும். நம் பக்கத்துச் சித்திரை வெயிலில், சுருக்கிய பஞ்சு காதை எட்டும் முன்பே பாதி விரிந்துவிடுவதைக் காண்பீர்கள். அதைப் பழுது என்று எண்ண வேண்டாம்; கொஞ்சம் விரைந்து மாட்டினால் போதும்.

இனி, உங்களுக்கு ஃபோம் தேவையா என்ற கேள்வி. காது நன்றாக அடைபடும்போது தாழ்ந்த சுருதி ஒலிகள் கசியாமல் நிற்கும்; பாட்டில் பேஸ் நிறைவாகக் கேட்கும். இயர்பட்டின் மின்னணு இரைச்சல் நீக்கம் ரயிலின் உறுமல், மின்விசிறியின் ஓசை போன்ற தாழ்ந்த, தொடர்ச்சியான ஒலிகளைத்தான் நன்றாகக் குறைக்கிறது. பேச்சுக்குரல், மிக்ஸி, பாத்திரச் சத்தம் ஆகியவற்றின் உயர்ந்த சுருதிப் பகுதியைத் தடுப்பது டிப்பின் வேலை, அதில் ஃபோம் பெரும்பாலும் சிலிகானை மிஞ்சும். முற்றத்தைச் சுற்றிக் கல்தூணும் சுண்ணாம்புச் சுவரும் ஆத்தங்குடித் தரையுமாக இருக்கும் செட்டிநாட்டு வீட்டில் ஒலியை உறிஞ்சிக்கொள்ளும் பொருள் குறைவு. இரண்டாம் கட்டில், அதாவது வீட்டின் பின்பகுதியில், பேசுவது முன்கூடத்தில் கேட்கும். அத்தகைய வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்களுக்கு ஃபோம் தரும் அமைதி மெய்யானது.

ஆனால் அழைப்புகளைப் பொறுத்தவரை இரண்டு செய்திகளை நீங்கள் அறிந்திருக்க வேண்டும். உங்கள் காதுக்கு வரும் சத்தத்தை மட்டுமே டிப் குறைக்கிறது. சென்னையில் இருப்பவர்களுக்குப் போய்ச்சேரும் மிக்ஸிச் சத்தம் மைக்கின் வழியே போவது, அதில் டிப்பால் எந்த மாற்றமும் வராது. மற்றொன்று, காது இறுக அடைபட்டிருக்கும்போது நம் குரலே எலும்பு வழியாகத் துவாரத்துக்குள் வந்து வெளியேற வழியின்றித் தங்குவதால், பானைக்குள் தலையை விட்டுப் பேசுவது போல ஒலிக்கும். பாட்டுக் கேட்பவருக்கு இது பொருட்டில்லை. நாளெல்லாம் பேசுகிறவருக்கு இது பெருந்தொல்லை. எனவே, உங்கள் நிலையில் நான் இரண்டையும் வைத்துக்கொள்வேன்: ரயிலுக்கும், கவனம் சிதறாமல் கணக்குப் பார்க்கும் நேரத்துக்கும் ஃபோம், அழைப்புகளுக்குச் சரியான அளவில் புதிய சிலிகான். அழைப்பிலும் ஃபோம்தான் வேண்டுமென்றால், வெளிச்சத்தத்தை உள்ளே விடும் வசதி உங்கள் இயர்பட்டில் இருக்குமானால் அதை இயக்கிவைத்துப் பேசிப் பாருங்கள்.

உழைக்கும் காலம் நேரடியாகப் பயன்பாட்டைப் பொறுத்தது. தினமும் பயன்படுத்தினால் மூன்று மாதம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். வியர்வை அதிகமுள்ளவர்களுக்கு அதற்கு முன்பே போய்விடும். சுருக்கிவிட்டால் மீண்டும் முழுதாக விரியாமல் இருப்பது, மேற்பரப்பு வழவழப்பாகிப் பிசுபிசுப்பது, விளிம்பு உதிர்வது ஆகியவை மாற்ற வேண்டியதன் அடையாளங்கள். பாலியூரித்தேனுக்கு எண்ணெயும் ஈரமும் ஆகாது. எண்ணெய் தேய்த்துக் குளித்த நாளில் காது மடலிலும் துவாரத்தின் வாயிலும் எண்ணெய்ப் பசை இருக்கும். அன்று ஃபோமைத் தொடாமல் இருப்பது நல்லது. துடைக்க நேர்ந்தால் நீரில் நனைத்துப் பிழிந்த துணி போதும், சானிட்டைசரும் ஸ்பிரிட்டும் பஞ்சைக் கெடுத்துவிடும். முழுதும் உலர்ந்த பிறகே கேஸுக்குள் வையுங்கள்; ஈரத்தோடு மூடினால் சார்ஜ் ஊசிகள் அரிக்கும்.

காதின் நலத்தையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். வெப்பமும் ஈரமும் சேர்ந்த சூழலில் காதில் பூஞ்சைத் தொற்று எளிதில் வரும். நாள் முழுவதும் பஞ்சால் அடைத்து வைத்த காது அதற்கு ஏற்ற இடம். மணிக்கு ஒருமுறை கழற்றிக் காற்றுப் பட விடுங்கள். அரிப்போ நீர்க்கசிவோ வலியோ தொடங்கினால் டிப்பை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள், காதில் எண்ணெய் காய்ச்சி விடாதீர்கள். வீட்டில் மற்றவர்களோடு ஃபோம் டிப்பை மாற்றிப் போடுவதும் கூடாது, ஏனென்றால் அதைச் சிலிகானைப் போலச் சோப்பு நீரில் கழுவிச் சுத்தமாக்க முடியாது. வளர்ந்தவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபெல் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு. ஃபோம் வெளிச்சத்தத்தைக் குறைப்பதால் ரயிலில்கூட ஒலியைக் கூட்டாமல் கேட்க முடியும் என்பதையே அதன் முதல் பயனாக நான் கருதுகிறேன்.

புதிய டிப் வந்ததும் காதில் வைக்கும் முன்பு, இயர்பட்டில் மாட்டி நுனியைப் பிடித்து லேசாக இழுத்துப் பாருங்கள், அசையக் கூடாது. பிறகு கேஸில் வைத்து மூடி, இரு பக்கமும் சார்ஜ் ஏறுவதைச் செயலியில் பாருங்கள். செயலியில் டிப் பொருத்தத்தைச் சோதிக்கும் வசதி இருந்தால் அதையும் இயக்குங்கள். இவற்றில் எது தவறினாலும் திருப்பி அனுப்பிவிடலாம், ஆனால் காதில் வைத்த டிப்பைப் பல கடைகள் திரும்ப வாங்குவதில்லை என்பதால் இந்த வரிசையை மாற்ற வேண்டாம். சரியான டிப் கிடைத்துவிட்ட மகிழ்ச்சியில் மொத்தமாக வாங்கி அடுக்கவும் வேண்டாம்: பாலியூரித்தேன் பஞ்சு உறைக்குள் இருந்தாலும் வெப்பத்திலும் ஈரக்காற்றிலும் மெல்லச் சிதைவது, ஆகவே ஒரு நேரத்தில் இரண்டு ஜோடிகள் போதும்.