பிபி இறங்கினால் முதலில் வயிற்றைப் பாருங்கள்

வணக்கம் ஐயா,

நான் கால்நடை அறுவை சிகிச்சையில் முதுநிலை படிக்கிறேன். தொப்புள் குடலிறக்கத்தோடு 300 கிலோ கிடேரி ஒன்று வந்தது. சைலசின், கெட்டமின் என்ற மயக்க ஊசிகள் போட்டு, மூச்சுக்குழாய்க்குள் குழாய் இறக்கி, மல்லாத்தி ஐசோஃப்ளூரேன் மயக்க வாயுவில் வைத்தோம். அரை மணி நேரத்தில் சராசரி ரத்த அழுத்தம் 52க்கு வந்துவிட்டது. கண் நடுவில் நின்றது, இமையைத் தொட்டால் அசைவில்லை. நாளத்தில் நாலு லிட்டர் ரிங்கர் லாக்டேட் திரவம் ஓட்டியும் ஏறவில்லை. மேலே தூக்கிக் கட்டிய முன்னங்காலில் அழுத்தம் அளக்கும் கஃப் பட்டையைச் சுற்றியிருந்தோம். முந்தின இரவு தீவனத்தை நிறுத்தினோம், காலையில் தண்ணீர் காட்டினோம். இதயத்தை வலுவாகத் துடிக்கவைக்கும் டோபுடமின் எந்த அளவில் கொடுக்க வேண்டும்? துடிப்பைக் கூட்டும் அட்ரோபின் போட்டிருக்கலாமா? ரத்தக்குழாய்க்குள் நீரைத் தக்கவைக்கும் கொலாய்டு திரவம் வாங்கி வைக்கட்டுமா? கிடேரி பிழைத்துவிட்டது. எனக்குத்தான் மனம் ஆறவில்லை.

கவிதா

அன்புள்ள கவிதா,

கிடேரி எழுந்து நின்றுவிட்டது, அந்தமட்டில் நிம்மதி கொள்ளுங்கள். மாடு போன பிறகும் அதையே நினைத்துக்கொண்டிருக்கும் மருத்துவர்தான் அடுத்த மாட்டைக் காப்பாற்றுவார்.

டோபுடமின் கணக்கு இது. 250 மி.கி. குப்பியை 500 மி.லி. சலைனில் கலந்தால் ஒரு மி.லி.யில் 500 மைக்ரோகிராம். உங்கள் கிடேரிக்குக் கிலோவுக்கு நிமிடத்துக்கு 1 மைக்ரோகிராம் என்றால் 0.6 மி.லி.; மி.லி.க்கு 20 சொட்டு விழும் செட்டில் நிமிடத்துக்கு 12 சொட்டு. ஐந்து நிமிடம் பார்த்துவிட்டுக் கூட்டலாம், 5 மைக்ரோகிராமைத் தாண்ட வேண்டாம். அதே லைனில் சோடா பைகார்பனேட்டை விடாதீர்கள், மருந்து கெட்டுவிடும். கொலாய்டை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். அட்ரோபினும் வேண்டாம், துடிப்பு ஆபத்தான அளவுக்கு இறங்கி, அதனாலேயே அழுத்தம் விழுந்தால் மட்டும் யோசிக்கலாம். இல்லாவிட்டால் அது எச்சிலைக் கெட்டியாக்கும், ரூமன் (மாட்டின் முதல் வயிறு) அசைவையும் நிறுத்திவிடும்.

அந்த 52ஐயே முதலில் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். கஃப் இதயத்துக்கு மேலே 10 செ.மீ. உயர்ந்தால் எண் சுமார் 7.5 மி.மீ. குறைந்து காட்டும். 20 செ.மீ. உயரத்தில் இருந்திருந்தால் உண்மையில் 67. பெரிய பிராணிகளில் 70க்குக் கீழே போகவிடக் கூடாது என்பதால் 67ம் குறைவுதான், ஆனால் பதறிப்போக வேண்டிய எண் இல்லை. காது மடலின் மேற்புறத் தமனியில் ஒரு 20 கேஜ் கேத்தீட்டர் போட்டு, அழுத்தத்தை எண்ணாகக் காட்டும் டிரான்ஸ்டியூசரைத் தோள்முனை மட்டத்தில் சுழியாக்கி வைத்தால் இந்தக் குழப்பமே வராது.

அடுத்தது கண். மயக்கம் சரியான ஆழத்தில் இருந்தால் மாட்டின் கருவிழி கீழே உருண்டு கீழிமைக்குள் பாதி மறையும், வெள்ளைதான் தெரியும். இமையும் அசையாமல் விழியும் மறுபடி நடுவுக்கு வந்துவிட்டது என்றால் மாடு மிக ஆழத்தில் இருக்கிறது. மயக்க வாயுவை அளந்து விடும் வேப்பரைசரைத் திருகிக் குறைக்கும் வேலையை விட்டுவிட்டு நாலாவது லிட்டரைத் தொங்கவிட்டிருக்கிறீர்கள். 300 கிலோவுக்கு மணிக்கு மூன்று லிட்டரே தாராளம்.

ஆனால் எனக்குக் கோபம் வந்தது அந்தத் தண்ணீர் விஷயத்தில்தான். காலையில் தண்ணீர் காட்டினோம் என்று எவ்வளவு சாதாரணமாக எழுதிவிட்டீர்கள்! வளர்ந்த மாட்டின் ரூமன் 100 முதல் 200 லிட்டர் வரை கொள்ளும். கிடேரிக்கு அதைவிடக் குறைவுதான், ஆனாலும் மல்லாத்தியதும் அத்தனை பாரமும் முதுகெலும்பை ஒட்டி ஓடும் பின் பெருஞ்சிரைமேல் இறங்குகிறது. மிதிபட்ட ரப்பர் குழாய் மாதிரி அது நசுங்கிவிடும். பின்பாதி உடம்பின் ரத்தம் இதயத்துக்குத் திரும்பாது. திரும்பி வராத ரத்தத்தை எந்த டோபுடமினாலும் வெளியே தள்ள முடியாது. துடிப்பு ஏறும், அழுத்தம் அங்கேயே நிற்கும். அப்படி நின்றால் மருந்தைக் கூட்டாதீர்கள், வயிற்றைத் தட்டிப் பாருங்கள்.

வாயுவும் சேர்ந்துகொள்ளும். மயக்கத்தில் மாடு ஏப்பம் விடாது, நொதித்தல் மட்டும் நிற்காது. சைலசின் வேறு ரூமன் அசைவை அடக்கிவிடும். நாளத்தில் கொடுத்தால் கிலோவுக்கு 0.05 மி.கி. போதும், அதாவது 2 சதவீத மருந்தில் உங்கள் கிடேரிக்கு முக்கால் மி.லி. உப்பிய ரூமன் உதரவிதானத்தை நெஞ்சுக்குள் தள்ளும். மூச்சுவிடத் திணறுகிறதே என்று மயக்கக் கருவியின் காற்றுப்பையை நீங்கள் பலமாக அமுக்குவீர்கள். நெஞ்சுக்குள் அழுத்தம் கூடும், திரும்பும் ரத்தம் இன்னும் குறையும்.

அதனால் மூச்சுக்குழாய்க்குள் இறக்கிய குழாயின் கஃப்பை (காற்றடைக்கும் வளையத்தை) ஊதியதுமே வாய்வழியாக ஒரு வயிற்றுக்குழாயை ரூமனுக்குள் இறக்கி, அறுவை முடியும்வரை அப்படியே விட்டுவையுங்கள். நார் அடைத்துக்கொண்டால் ஊதிவிடுங்கள். கழுத்தடியில் மெத்தை கொடுத்துத் தொண்டையை உயர்த்தி, வாய் கீழ்நோக்கிச் சரியட்டும், எச்சில் தானே வடிந்துவிடும். அழுத்தம் விழுந்தால் மாட்டை இடப்பக்கமாகச் சற்றுச் சாய்த்துப் பாருங்கள், ரூமன் சிரையை விட்டு விலகும். ஒரு சொட்டு மருந்தில்லாமல் எண் ஏறினால் காரணம் எதுவென்று தெரிந்துவிடும்.

வளர்ந்த மாட்டுக்குத் தீவனம் 24 மணி நேரத்துக்குக் குறையாமல், தண்ணீர் 12 மணி நேரம் நிறுத்த வேண்டும். பால்குடிக் கன்றை இப்படிப் பட்டினி போட்டுவிடாதீர்கள், சர்க்கரை இறங்கிவிடும். தீவனம் நிறுத்தச் சொன்னால் வீட்டுக்காரர் சரி என்பார், மாடு பக்கத்துத் தொட்டியில் குடித்துக்கொண்டு நிற்கும். முந்தின மாலையே மாட்டை உங்கள் கொட்டகைக்கு வரவழைத்து, வாய்க்கூடை போட்டுக் கட்டிவையுங்கள்.