முழுகி எழும் முன்: ரங்கூன் நண்பர்களின் ஞானஸ்நானக் கேள்விகள்

ரங்கூனில் ஒரு தமிழ் பாப்டிஸ்ட் சபையில் ஞானஸ்நான வகுப்பு எடுக்கிறவன் நான். பாஸ்டர் இல்லை, மூப்பர். திஞ்சான் (பர்மியப் புத்தாண்டு நீர்த் திருவிழா) விடுமுறைக் கூடுகைக்குப் பிறகு வந்து சேர்ந்த கேள்விகளுக்கு என்னால் முடிந்தவரை பதில் எழுதியிருக்கிறேன். கேட்டவர்களின் ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

தாக்கேட்டாவிலிருந்து ஓர் இளைஞர்: அண்ணே, ஆண்டவரை ஏற்றுக்கொண்டு ஒரு வருடம் ஆகப்போகிறது. கோபம் குறையவில்லை, வெற்றிலையும் விட முடியவில்லை. எல்லாம் சரியான பிறகு எடுக்கலாமா?

தம்பி, எல்லாம் சரியான பிறகுதான் என்றால் நம் சபையில் ஒருவர்கூட ஞானஸ்நானத் தொட்டியில் இறங்கியிருக்க முடியாது, பாஸ்டர் ஐயாவையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அப்போஸ்தலர் 16-ஆம் அதிகாரத்தைப் படித்துப் பார். பிலிப்பி சிறைச்சாலைக்காரன் நடுராத்திரியில் தற்கொலைக்குப் போனவன். அதே ராத்திரி பவுலின் காயங்களைக் கழுவிவிட்டு வீட்டாரோடு ஞானஸ்நானம் பெற்றான். அப்போஸ்தலர் 8-இல் வரும் எத்தியோப்பிய மந்திரி வழியில் தண்ணீரைக் கண்டதும் ரதத்தை நிறுத்தச் சொன்னார். இரண்டு பேரிடமும் நன்னடத்தைச் சான்றிதழ் யாரும் கேட்கவில்லை.

கேட்க வேண்டியது வேறொன்று: கோபத்தை விட முடியவில்லையா, விட மனமில்லையா? முடியவில்லை என்றால் வா, சேர்ந்து போராடுவோம். மனமில்லை என்றால் பொறு. வெற்றிலையை உன் பல்லுக்காகவும் வாய்க்காகவும் விட்டுவிடு. அதை ஞானஸ்நானத்துக்கு நிபந்தனையாக்க எனக்கு வசனம் கிடைக்கவில்லை.

ரங்கூனுக்கு அருகே உள்ள சிரியத்திலிருந்து ஒரு மாணவர்: என் பர்மியத் தோழன், 'நாங்கள் திஞ்சானில் தண்ணீர் ஊற்றி பழைய வருஷத்து அழுக்கைக் கழுவுகிறோமே, அது போலத்தானா உங்களுடையது?' என்று கேட்டான். என்ன சொல்வது?

நல்ல தோழன், நல்ல கேள்வி. திஞ்சான் ஒவ்வொரு ஏப்ரலிலும் வரும், ஒவ்வொரு வருடமும் நனைய வேண்டும். ஞானஸ்நானம் ஒரே தரம். அடுத்தது, நம்முடையதில் தண்ணீர் எதையும் கழுவுவதில்லை. 1 பேதுரு 3:21 அதை நேராகவே சொல்கிறது: அது மாம்ச அழுக்கை நீக்குதல் அல்ல. ரோமர் 6-இல் பவுல் காட்டுவது குளியலறையை அல்ல, கல்லறையை. கிறிஸ்துவோடு அடக்கம் பண்ணப்பட்டு, அவரோடு எழுந்து நடப்பது. இதை உன் தோழனிடம் வாதமாகச் சொல்லாதே. அவனை ஒருமுறை ஆராதனைக்குக் கூட்டி வா, பார்த்தாலே பாதி புரிந்துவிடும்.

பெகுவிலிருந்து ஒரு சகோதரி: நான் கத்தோலிக்கக் குடும்பம். கைக்குழந்தையிலேயே திருமுழுக்கு கொடுத்துவிட்டார்கள். கணவரின் சபையில் மறுபடியும் எடுக்கச் சொல்கிறார்கள். அம்மா அழுகிறார்கள்.

அம்மாவின் கண்ணீரை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள் சகோதரி. அவர்கள் செய்தது பொய்ச் சடங்கு அல்ல, பிள்ளையை ஆண்டவர் கையில் கொடுத்தார்கள்.

இரண்டு பக்கத்தையும் சொல்கிறேன். கத்தோலிக்கர், ஆங்கிலிக்கர், மெதடிஸ்ட், லூத்தரன் சபைகள் குழந்தைகளுக்குக் கொடுக்கின்றன. லீதியாளும் அவள் வீட்டாரும், ஸ்தேவானின் வீட்டார் என்று வேதத்தில் குடும்பம் குடும்பமாகப் பெற்றிருக்கிறார்கள் என்பதும், விருத்தசேதனத்தின் இடத்தில் இது வந்தது என்பதும் அவர்கள் காட்டும் காரணங்கள். பாப்டிஸ்டுகளான நாங்கள் சொல்வது: ஞானஸ்நானம் விவரமாகச் சொல்லப்படும் இடங்களில் முதலில் கேட்டல், பிறகு விசுவாசம், அதற்குப் பிறகு தண்ணீர். நான் இந்தப் பக்கம் நிற்கிறவன், மறைக்கவில்லை.

பர்மாவில் இருக்கும் நமக்கு இது அந்நியமான சங்கடமும் அல்ல. இங்கே சுவிசேஷம் கொண்டுவந்த அமெரிக்க மிஷனரி அதோனிராம் ஜட்சனே குழந்தை ஞானஸ்நானம் கொடுக்கும் சபையால் அனுப்பப்பட்டவர்தான். 1812-இல் இந்தியாவுக்கு வரும் கப்பலில் வேதத்தைத் துருவிப் படித்து மனம் மாறினார். அவரும் மனைவி ஆனும் அந்த வருடம் செப்டம்பரில் கல்கத்தாவில் முழுக்கு ஞானஸ்நானம் பெற்றார்கள். விளைவு? அனுப்பிய சங்கத்தோடு உறவு முறிந்தது, கையில் ஆதரவில்லை. 1814-இல் அமெரிக்க பாப்டிஸ்டுகள் ஒன்றுசேர்ந்து அவரைத் தாங்கினார்கள். இன்று பர்மாவில் பாப்டிஸ்டுகள் இத்தனை பேர் இருப்பதற்கு அந்தக் கப்பல் படிப்பும் ஒரு காரணம்.

ஆனால் அவர் செய்தது தன் மனசாட்சிக்காக. யாரும் பிடித்துத் தள்ளவில்லை. நீங்கள் கணவருக்காக எடுத்தால் அது கணவருக்குச் செய்யும் மரியாதை, அவ்வளவுதான். நிதானமாகப் படியுங்கள். தெளிவு வந்தால் எடுங்கள், வராவிட்டால் சும்மா இருங்கள். உங்கள் சபை அவசரப்படுத்தினால் இதை அப்படியே காட்டுங்கள்.

ரங்கூனிலிருந்து ஒரு சகோதரி: எங்கள் வீட்டில் அம்மன் கும்பிடுகிறவர்கள், வருஷா வருஷம் தீமிதி உண்டு. எனக்கு இருபது வயது. யாருக்கும் தெரியாமல் ஞானஸ்நானம் எடுக்கலாமா?

தங்கச்சி, இந்தக் கேள்வி இந்த மண்ணில் இருநூறு வருடம் பழையது. ஜட்சன் 1813-இல் ரங்கூன் வந்தார். முதல் ஆள் கிடைக்க ஆறு வருடம் ஆனது. 1819 மே மாதம் வந்து கேட்க ஆரம்பித்த மவுங் நாவ், ஜூன் 27-ஆம் தேதி ஒரு குளத்தில் முழுகினார். கரையில் பெரிய புத்தர் சிலை, எல்லாம் வெட்டவெளியில். அந்த நவம்பரில் அடுத்த இருவர் வந்தார்கள். அரசாங்கத்துக்குப் பயந்து, ஊர் பார்க்காதபடி சூரியன் அடையும் நேரத்தில் கொடுக்கச் சொல்லிக் கேட்டார்கள். ஜட்சனுக்குத் தயக்கம் இருந்தது, ஆனாலும் அவர்களைத் திருப்பி அனுப்பவில்லை.

ஆக, பயப்படுகிறவர்களுக்கும் இடம் உண்டு. கூட்டத்தைக் கூட்டி, போட்டோ எடுத்து, ஃபேஸ்புக்கில் போட வேண்டும் என்று எந்த வசனமும் கட்டாயப்படுத்தவில்லை. அதே நேரத்தில் உன் அம்மாவிடம் நீயே முன்கூட்டிச் சொல்வதுதான் நல்லது. பக்கத்து வீட்டு அக்கா வாயால் கேட்டால் மதம் மாறியதைவிட மறைத்ததுதான் அவர்களுக்கு வலிக்கும். சொல்லும்போது அவர்கள் சாமியைக் குறைத்து ஒரு வார்த்தை பேசாதே. அடி உதைக்கோ வீட்டைவிட்டுத் துரத்துவதற்கோ பயம் இருந்தால் எதையும் சொல்வதற்கு முன் சபையில் ஒரு மூத்த அம்மாவிடம் பேசு. ஒரு வருடம் தள்ளிப்போனாலும் ஆண்டவர் உன்னைத் தள்ளிவிட மாட்டார்.

இன்னொன்று. சபையில் ஞானஸ்நானம் எடுப்பதால் பதிவு அட்டையில் மதம் தானாக மாறிவிடாது. அரசாங்கக் கணக்கில் மதம் மாற 2015-ஆம் ஆண்டு மதமாற்றச் சட்டப்படி பதினெட்டு வயது நிரம்பியவர் டவுன்ஷிப் (வட்டார) அளவிலான அரசுக் குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே.

மோல்மேனிலிருந்து: பாட்டி படுத்த படுக்கை. ஞானஸ்நானம் வேண்டும் என்கிறார். தண்ணீரில் எப்படி இறக்குவது?

இறக்காதீர்கள். ஆதிச் சபையினரே தண்ணீர் போதாத இடத்தில் தலையில் மூன்று முறை ஊற்றலாம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் அப்படியே ஊற்றச் சொல்லுங்கள். அதற்குள் பாட்டி போய்விட்டாலும் கலங்க வேண்டாம், இயேசுவுக்குப் பக்கத்தில் சிலுவையில் தொங்கி, பரதீசு வாக்குப் பெற்ற கள்ளன் எந்தத் தொட்டியில் இறங்கினான்?

பலர் கேட்டது: பெயர் மாற்ற வேண்டுமா?

வேண்டாம். முருகேசன் முருகேசனாகவே பரலோகம் போகலாம்.

கமாயுட்டிலிருந்து ஒரு சகோதரி: எனக்குத் தண்ணீர் என்றாலே பயம். என்ன உடுத்துவது, என்ன நடக்கும்?

இதைத்தான் எல்லோரும் கடைசியில், வெட்கப்பட்டுக்கொண்டு கேட்கிறார்கள். முதலில் உடை. லோஞ்சி (பர்மியக் கைலி) மட்டும் கட்டிக்கொண்டு வராதீர்கள். தண்ணீரில் காற்று புகுந்து குடை மாதிரி மேலே எழும்பும், முடிச்சும் நழுவும். உள்ளே முழங்கால் வரை கால்சட்டை, மேலே கெட்டியான, கருத்த நிறத் துணி. சபை அங்கி தந்தால் ஓரத்தில் கனம் வைத்துத் தைத்திருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் இரண்டு பக்கமும் ஊக்கு குத்துங்கள். மாற்றுத் துணியும் துவாலையும் கையோடு வரட்டும். காதில் கோளாறு இருந்தால் முன்பே சொல்லுங்கள்.

தொட்டியில் தண்ணீர் இடுப்பளவுதான். பாஸ்டர் பக்கத்தில் நிற்பார், ஒரு கை உங்கள் முதுகில். நீங்கள் மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கேள்விகள் கேட்பார், பதில் சொல்வீர்கள். பிறகு பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தில் என்று சொல்லிப் பின்பக்கமாகச் சாய்ப்பார். அப்போது உடம்பை விறைக்காதீர்கள், முழங்காலை லேசாக மடியுங்கள். விறைத்தால் பாஸ்டரும் சேர்ந்து சறுக்குவார், பார்த்திருக்கிறேன். தண்ணீருக்குள் இருப்பது ஒரு மூச்சு நேரம்கூட இல்லை. முந்தின நாள் சாயங்காலம் வந்து வெறும் தொட்டியில் ஒரு தரம் சாய்ந்து பழகிக்கொள்ளலாம்.

ஆற்றில் எடுக்க ஆசைப்படுகிறவர்களுக்கு: ரங்கூன் ஆற்றில் ஏற்றவற்றம் உண்டு, சேறும் இழுப்பும் அதிகம். இயேசு ஞானஸ்நானம் பெற்ற யோர்தான் ஆற்றின் ஞாபகத்தில் அங்கே இறங்காதீர்கள். மழைக்காலத்தில் நிச்சயமாக வேண்டாம்.

சிரியத்திலிருந்து ஒருவர்: செலவு எவ்வளவு? விருந்து வைக்க வேண்டுமா?

ஞானஸ்நானத்துக்குக் காசு கிடையாது. யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள். விருந்து உங்கள் விருப்பம். கடன் வாங்கி பிரியாணி போடாதீர்கள், தேநீரும் பிஸ்கட்டும் தாராளம். அடுத்த வகுப்பு ஞாயிறு ஆராதனை முடிந்ததும், வேதாகமம் எடுத்து வாருங்கள்.